மாண்டிசோரி கல்வியும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

(சேத்தியாத்தோப்பில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மாண்டிசோரி கல்வி முறை என்பதாகும். பெயர் உங்களுக்குப் புதிதல்ல. சிதம்பரம் போனாலும், விருத்தாசலம் போனாலும், கடலூர் போனாலும் ஏதாவதொரு பள்ளிக்கூடத்துப் பலகையில் இந்தப் பெயரைப் பார்க்கிறீர்கள். ஆனால் இந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் இந்த முறையை யாருடைய பிள்ளைகளை வைத்துக் கண்டுபிடித்தார், அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால் பலகை மாட்டினவருக்கும் தெரிவதில்லை, பணம் கட்டினவருக்கும் தெரிவதில்லை.

நாம் உபாத்தியாயர் பயிற்சி பெற்றவரல்ல. காலேஜ் வாசற்படி மிதித்தவருமல்ல. கைக்குக் கிடைத்த புஸ்தகங்களைப் படித்ததையும், சில பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு, மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மாண்டிசோரி அம்மையார் 1870-ம் வருஷம் இத்தாலி தேசத்தில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பதைக் கேலி செய்த காலத்தில் பிடிவாதமாகப் படித்து 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். முதலில் அவர் கையில் கிடைத்தவை மந்தபுத்தியென்று தள்ளிவிடப்பட்ட குழந்தைகள். இத்தார், செகாங் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் எழுதிவைத்ததைப் படித்து, அந்தக் குழந்தைகளுக்குக் கையால் தொட்டு, எடுத்து, பொருத்திப் பார்க்கும் சாமான்களைக் கொடுத்துப் பழக்கினார். அவர்கள் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளைப்போலவே பரீட்சை எழுதித் தேறினார்கள். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அம்மையார் மட்டும் வேறொன்றை யோசித்தார்: மூளைக் குறைவென்று சொல்லப்பட்ட பிள்ளை இவ்வளவு தூரம் வரக்கூடுமானால், நல்ல மூளையுள்ள பிள்ளைகள் இதே இடத்தில் நின்றுகொண்டிருப்பானேன்? அவர்களைப் பள்ளிக்கூடம் என்னதான் செய்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் சந்தர்ப்பம் 1907-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் கிடைத்தது. அங்கே தாயும் தகப்பனும் விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவார்கள். சிறுபிள்ளைகள் நாளெல்லாம் படிக்கட்டில் கிடந்து சுவரைக் கிறுக்கிக்கொண்டிருப்பார்கள். கட்டிடத்துக்காரர்கள் தங்கள் சுவர் பாழாகிறதே என்ற கவலையால் ஒரு அறையை ஒதுக்கி, இந்தப் பிள்ளைகளை எங்காவது அடைத்துவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிள்ளைகள் மேல் உள்ள தயவினால் அல்ல, சுண்ணாம்பு அடித்த செலவை நினைத்துத்தான்! அந்த அறைக்குத்தான் "குழந்தைகள் வீடு" என்று பெயர் வந்தது. ஆகவே மாண்டிசோரி கல்வி பிறந்தது சீமான் வீட்டுப் பங்களாவில் அல்ல. நம் பக்கத்தில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் தாய்மார்கள் போன பிறகு தெருவில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அப்படிப்பட்ட பிள்ளைகளிடத்தில் பிறந்தது. இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. அந்த அறையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

ஒரு மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். பத்துக் குழிகளுக்கும் பொருந்துகிற பத்து உருளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று விரலால் பிடிப்பதற்கு ஒரு குமிழ். பிள்ளை உருளைகளையெல்லாம் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு, மறுபடியும் அதனதன் குழியில் வைக்கவேண்டும். ஒரு சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? கடைசியில் ஒரு உருளை மிஞ்சிப்போகும்; மிச்சமிருக்கும் குழியில் அது நுழையாது. பிள்ளை திகைக்கும், யோசிக்கும், எல்லாவற்றையும் எடுத்து மறுபடி வைக்கும். உபாத்தியாயர் வாய் திறக்கவேண்டியதில்லை. பிரம்புக்கு வேலையில்லை. "தப்பு" என்று சொன்னது யார்? அந்தக் கட்டையே சொல்லிற்று.

தோழர்களே! இது விளையாட்டுச் சாமானைப் பற்றிய சேதி என்று நினைக்காதீர்கள். நம் வீட்டில் பிள்ளைக்குச் சரி தப்பு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? "சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். "பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்கிறோம். பள்ளிக்கூடத்தில், "வாத்தியார் சொல்லிவிட்டார், எழுதிக்கொள்" என்கிறார்கள். மூன்று இடத்திலும் பிள்ளை தெரிந்துகொள்ளுவது ஒன்றுதான்: சரியும் தப்பும் நமக்கு மேலே இருக்கிற யாரோ ஒருவரிடத்தில் இருக்கிறது, நாம் அவருக்குப் பயந்து நடக்கவேண்டும் என்பது. இப்படி ஐந்து வயதில் பழக்கப்பட்டவன் ஐம்பது வயதிலும் ஜோசியனிடத்தில் போய்த்தான் நிற்பான். மாண்டிசோரி கட்டையில் உருளை போட்டுப் பழகின பிள்ளை, சரியும் தப்பும் பொருளில் இருக்கிறது, அதை என் கண்ணும் கையும் கண்டுபிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுகிறது. நாம் வருஷக்கணக்காக மேடை போட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை, ஒரு மரக்கட்டை நான்கு வயதுப் பிள்ளைக்குச் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது.

கணக்கையும் இப்படியே கற்பிக்கிறார்கள். ஒன்று என்பது ஒரு மணி. பத்து மணியைக் கம்பியில் கோத்தால் பத்து. பத்துக் கம்பியை அடுக்கிக் கட்டினால் நூறு. அது ஒரு சதுரமாக இருக்கிறது. பத்துச் சதுரத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஆயிரம். அது ஒரு கனப் பெட்டியாக ஆகிவிடுகிறது. பிள்ளை ஒரு கையில் ஒற்றை மணியையும் மறு கையில் ஆயிரத்தையும் வைத்துப் பார்க்கிறது. ஒன்றுக்குப் பின்னால் மூன்று சுழி போடத் தெரிந்த பிள்ளை வேறு, ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த பிள்ளை வேறு. வட்டிக் கணக்கிலும் எடைக் கணக்கிலும் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஏமாந்து வந்ததற்குக் காரணம் வாய்ப்பாடு தெரியாதது மட்டுமல்ல. கணக்கு என்பது எழுத்துக்காரனுக்குச் சொந்தமான வித்தை, அதை நாம் தொட்டுப் பார்க்க முடியாது என்று நினைத்துக் கொண்டிருந்ததுமாகும்.

எழுத்தையோ, உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். பிள்ளை அந்த எழுத்தின் ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவுகிறது. இதைக் கேட்டவுடனே நம்மவர்களில் சிலர், "இதென்ன பிரமாதம்! நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதவில்லையா? எல்லாம் நம் முன்னோர் அன்றைக்கே கண்டதுதான்" என்று பெருமை பேச வந்துவிடுவார்கள். மணலில் எழுதினது வாஸ்தவம். நல்ல பழக்கம் என்பதும் வாஸ்தவம். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை 1790-களில் நடத்திவந்த பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதையும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் தம் பள்ளிக்கூடத்தில் வைத்து நடத்தி, 1797-ல் சீமைக்குப் போய்ப் புஸ்தகமே போட்டார். எல்லாம் சரி. அந்த மணலில் யாருடைய விரல் பட்டது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். சேரிப் பிள்ளையின் விரல் பட்டதா? பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் விரல் பட்டது? பட்டிருக்குமானால், 1916-ம் வருஷத்தில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் தனியாக ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்த வேண்டிய அவசியம் என்ன வந்தது? முறை நல்லதாயிருப்பது போதாது. அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே முக்கியம். இந்தக் கேள்வியை மாண்டிசோரி முறைக்கும் விடாமல் கேட்கப்போகிறோம்.

இந்த அம்மையாருக்கும் நம் நாட்டுக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. அவருடைய பள்ளிக்கூடங்களை முசோலினி 1924 முதல் சில காலம் ஆதரித்தான். பிறகு அம்மையார் அவன் இழுத்த இழுப்புக்கு வராததால் இத்தாலியில் அவை மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியிலும் அதே கதிதான். தானாக யோசிக்கும் பிள்ளையைக் கண்டு சர்வாதிகாரிக்குப் பயம் வருவது இயற்கையே. 1939-ம் வருஷக் கடைசியில், தமது 69-வது வயதில், அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 உபாத்தியாயர்கள் அவரிடம் பயிற்சி பெறக் கூடினார்கள். சில மாதம் தங்கிப் போகலாம் என்று வந்தவர், 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் சேர்ந்துவிட்டபடியால் எதிரி நாட்டார் என்று வெள்ளைக்கார சர்க்காரால் தடுத்துவைக்கப்பட்டார். மகன் மாரியோவை ஆமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வருஷம் ஆகஸ்டில் தாயாரின் 70-வது பிறந்த நாளை ஒட்டி மகனை விட்டார்களே தவிர, ஊர் திரும்ப 1946 வரை வழியில்லாமற்போயிற்று.

அடையாறுக்கு அழைத்தவர்கள் பிரம்மஞான சங்கத்தார். அம்மையாரோ கத்தோலிக்கர். "பகுத்தறிவுக்காரர்களாகிய உங்களுக்கு இவர்களோடு என்ன வேலை?" என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். அம்மை குத்திக்கொள்ளும்போது அதைக் கண்டுபிடித்தவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று கேட்டா கையை நீட்டுகிறோம்? மாண்டிசோரி பள்ளிகளில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரிய கதைகளில் முதலாவது, உலகம் உண்டான கதை. அதில் கையில்லாத கடவுள் என்று ஒருவர் வருகிறார். அவரை நாம் வெளியே நிற்கச் சொல்லிவிடுவோம். அதே பாடத்தில் சூடு, குளிர்ச்சி, பாரம், நீராவி, எரிமலை இவைகளைப்பற்றிச் சின்னச் சின்னச் சோதனைகளைப் பிள்ளைகள் கண்முன்னே செய்து காட்டுகிறார்கள். அவைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுவோம். அந்தக் கடவுள் வராததால் எரிமலை எரியாமல் நின்றுவிடப் போவதில்லை.

ஆரம்பப் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கான முறை, அதாவது 6 முதல் 12 வரைக்குமான முறை, பெரும்பாலும் நம் கொடைக்கானலில் உருவானது. 1942 முதல் 1944 வரை அம்மையாரும் மகனும் அங்கே தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காட்டில் இலையையும் பூச்சியையும் பொறுக்கிவந்து பார்த்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை "இது என்ன?" என்று கேட்கும், ஆறு வயதுக்கு மேலே போன பிள்ளை "இது ஏன்? எப்படி? இது நியாயமா?" என்று கேட்கும் என்பது அம்மையார் கண்டது. அந்த "ஏன்" கேட்கும் வயதில்தான் நாம் பிள்ளையை வாய் பொத்தி உட்காரச் சொல்லுகிறோம். அவர்களோ, ஒரு பொருளைப் பிடித்தால் அதோடு சம்பந்தப்பட்ட உலகம் முழுவதையும் பிள்ளை பிடித்து இழுக்கட்டும் என்கிறார்கள்.

இதற்குக் கொடைக்கானலுக்குப் போகவேண்டியதில்லை. நம் பக்கத்திலிருக்கும் வீராணம் ஏரிக்கு மூன்றாவது, நான்காவது வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. அது பூகோளம். இதை வெட்டினது யார்? ஆயிரம் வருஷங்களுக்கு முன் சோழர் காலத்தில் வெட்டினது. வெட்டினவன் ராஜா என்று பாடப் புஸ்தகம் சொல்லும், மண் சுமந்தவன் யார் என்று பிள்ளை கேட்கும். அது சரித்திரம். 40,000 ஏக்கருக்கு மேல் இது பாய்கிறதென்றால் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர்? அது கணக்கு. கரையில் மூக்கு நீண்ட பறவை சேற்றைக் குத்திக்கொண்டிருக்கிறதே, அதற்குமட்டும் மூக்கு ஏன் அப்படி? அது விஞ்ஞானம். பிறகு நம் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியாக வடக்குத்துக்குப் போய்ச் சுத்தமாகி, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னைக்கு 2004 முதல் இந்தத் தண்ணீர் போகிறது. இதைச் சொன்னவுடன் ஏதாவதொரு பெண் பிள்ளை எழுந்து, "அங்கே அவ்வளவு தூரம் குழாயில் போகிறதே, எங்கள் தெருவுக்கு ஏன் ஐயா வரவில்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்விதான் படிப்பு. அதற்கு விடை சொல்லத் தெரியாமல் உபாத்தியாயர் தலையைச் சொறிந்தாலும் பாதகமில்லை. பிள்ளையின் படிப்பு அன்று முழுதாக ஆரம்பமாகிவிட்டது.

முழுக் குழந்தைக்கும் கல்வி என்று இவர்கள் சொல்லுவதன் பொருள் இதுதான். பிள்ளைக்குத் தலை மட்டுமா இருக்கிறது? வயிறு இருக்கிறது, கை கால் இருக்கிறது, மானம் இருக்கிறது, பக்கத்துப் பிள்ளையோடு சிநேகம் இருக்கிறது. வயிற்றைப் பற்றி நம் நாட்டில் யோசிக்காமல் இல்லை. சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் நகரசபையார் 1920-ல் ஆரம்பித்த மத்தியான உணவு, காமராசர் காலத்தில் 1956-ல் பரவி, 1982-ல் சத்துணவாகி, 2022-ல் காலைச் சிற்றுண்டி வரைக்கும் வந்திருக்கிறது. பசித்தவனுக்குப் பாடம் ஏறாது என்பதை ஒத்துக்கொண்டுவிட்டோம். கையைப் பற்றித்தான் நமக்கு இன்னும் தெளிவில்லை.

ஏனென்றால் கைத்தொழில், கைப்பழக்கம், உழைப்பின் பெருமை என்று யாராவது பள்ளிக்கூடத்தில் பேச ஆரம்பித்தால் நமக்கு உடனே சந்தேகம் வருகிறது. வரவேண்டியதுதான். 1937-ல் வார்தா திட்டம் என்று ஒன்று வந்தது. பிள்ளைகள் நூல் நூற்க வேண்டும் என்றார்கள். 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் போதும், மற்ற நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. வண்ணான் பிள்ளை வெளுக்கவேண்டும், சக்கிலியன் பிள்ளை தோல் தைக்கவேண்டும், குமாஸ்தாவின் பிள்ளை மட்டும் என்ன செய்யும் என்று நாடெங்கும் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் வந்து அது ஒழிந்தது. அப்பேர்ப்பட்ட நாட்டில், "கையால் கற்பது" என்று நாம் இங்கே நின்று சொன்னால், பழைய பாம்பு புதிய சட்டை போட்டுக்கொண்டு வருகிறதோ என்று நீங்கள் பார்ப்பது நியாயமே.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். குலக்கல்வியில் பிள்ளையின் கை தகப்பன் கையாக ஆகவேண்டும். மாண்டிசோரி முறையில் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் எல்லா வேலையும் வருகிறது. அங்கே தினம் பிள்ளைகளே தரையைப் பெருக்குகிறார்கள், தட்டைக் கழுவுகிறார்கள், தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுகிறார்கள், பொத்தான் போடுகிறார்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். தண்டனையாக அல்ல, கூலியாகவும் அல்ல. கையும் கண்ணும் புத்தியும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவதற்காகவும், தன் காரியத்துக்குப் பிறத்தியாரை எதிர்பார்க்காமல் இருப்பதற்காகவும் செய்கிறார்கள். துடைப்பமும் அவர்கள் உயரத்துக்குச் சின்னதாகவே இருக்கும்.

இந்த இடத்தில்தான் நமக்குப் பெரிய சங்கடம் இருக்கிறது. நாம் படித்த பள்ளிக்கூடம் ஒன்றில் - பெயர் எதற்கு? - துடைப்பம் எப்பொழுதும் சில பிள்ளைகள் கைக்கே போகும். தண்ணீர்ப் பானை எப்பொழுதும் வேறு சில பிள்ளைகள் கைக்கே போகும். யாரும் உத்தரவு எழுதி ஒட்டவில்லை. உபாத்தியாயர் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். கண்ணைக் காட்டுவார், போதும். ஒரு நாள் பானைக்குரிய பிள்ளை வராதபோது துடைப்பக்காரப் பிள்ளை ஒருவன் தானாகப் போய்த் தண்ணீர் மொண்டுவந்தான். அந்தத் தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தது. நாற்பது பிள்ளைகள் தாகத்தோடு வீட்டுக்குப் போனோம். அன்று கரும்பலகையில் எழுதியிருந்த பாடம் என்னவென்று நமக்கு ஞாபகமில்லை. ஆனால் அன்று படித்த பாடம் நாற்பது பேருக்கும் மறந்திருக்காது. நந்தம் பிள்ளை எது, நம் பிள்ளை எது என்று ஊர் சொல்லிக்கொடுப்பதைப் பள்ளிக்கூடமும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தால், அப்புறம் எந்த நாட்டு அம்மையார் வந்து என்ன முறை வைத்தாலும் என்ன பிரயோஜனம்?

ஆகவே நாம் சொல்லுவதென்னவென்றால், இந்த முறை நம் பள்ளிக்கூடத்துக்கு வருமானால் முதல் சோதனை மணிக் கம்பியில் இல்லை, துடைப்பத்தில் இருக்கிறது. பண்ணைக்காரர் பிள்ளையும், கூலிக்காரர் பிள்ளையும், ஆண் பிள்ளையும், பெண் பிள்ளையும் முறைவைத்துப் பெருக்கவேண்டும், முறைவைத்துத் தண்ணீர் மொள்ளவேண்டும், முறைவைத்துச் சோறு பரிமாறவேண்டும். கக்கூஸ் கழுவுவது சம்பளம் வாங்கும் ஆளின் வேலை. அதை எந்தப் பிள்ளைக்கும் விடக்கூடாது. "பிள்ளையைப் பெருக்கவா அனுப்பினேன்?" என்று முதலில் சண்டைக்கு வருகிறவர் யார் என்று பாருங்கள். தன் வீட்டில் துடைப்பத்தைத் தொட்டிராத ஆண்மகனாகவே அவர் இருப்பார். அவர் வந்து சத்தம் போட்டால் முறை சரியாக நடக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, பலகை மாட்டின பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது தனிப்பட்ட எவருக்கும் சொத்தல்ல. ஆகையால் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே போய்ப் பாருங்கள். நாற்பது குழந்தைகள் வரிசையாக பெஞ்சியில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாட்டைக் கோரஸாகக் கத்துகிறதா? மூன்றரை வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்களா? சாமான்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, பெற்றோர் வரும்போது மட்டும் காட்டுகிறார்களா? அப்படியானால் பலகையில் உள்ள பெயருக்கும் உள்ளே நடப்பதற்கும் சம்பந்தமில்லை. நிஜமாக நடத்துகிற இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே பிள்ளை தனக்கு வேண்டிய சாமானைத் தானே எடுத்து, பாயை விரித்து, நெடுநேரம் அதிலேயே மூழ்கியிருக்கும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். உபாத்தியாயர் இருக்கிற இடமே தெரியாது. ஆனால் அதற்கு அவர்கள் கேட்கிற பணம் கூலிக்காரரால் கட்டக்கூடியதல்ல. ரோமாபுரியின் குப்பைக்காட்டுப் பிள்ளைகளுக்காக வந்த படிப்பு, அங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேருவதற்குள் கார் வைத்திருப்பவர் வீட்டுப் படிப்பாக ஆகிவிட்ட விந்தையை என்னவென்று சொல்லுவது!

சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, தோழர்களே! 2003-ல் விஜயகுமார் என்ற அதிகாரி சென்னை மாநகராட்சி கமிஷனராயிருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களில் செயல்வழிக் கற்றல் என்ற முறையை ஆரம்பித்தார். ஆந்திராவில் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள சின்னப் பள்ளிக்கூடங்களில் கண்ட ஏணி முறையும், மாண்டிசோரியின் சாயலும் அதில் கலந்திருந்தன. 2007-2008-ல் அது 37,000-க்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. உங்களில் பலர் பிள்ளைகள் அதில் படித்தவர்களே. ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை பிள்ளைகள் கலந்து பாயில் உட்கார்ந்தார்கள். சுவரைச் சுற்றிலும் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. பாடம் முழுவதும் அட்டைகள். யானை, முயல் என்று அடையாளம் போட்ட அட்டைகளை ஏணிப்படியாக ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு, அவரவர் வேகத்தில் அவரவர் போவது. வருகைப் பதிவைப் பிள்ளையே செய்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை, திரும்பி வந்து தான் விட்ட படியிலிருந்து ஏறிற்று. கூலிக்காக வெளியூர் போய்வருகிற குடும்பத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நியாயம் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனால் நம் ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "பெஞ்சியை எடுத்துவிட்டுப் பாயில் போட்டுவிட்டார்கள். புஸ்தகமில்லை, வீட்டுப்பாடமில்லை, பிள்ளைகள் விளையாடுகின்றன" என்று சொல்லிப் பலர் பிள்ளைகளைப் பணம் கட்டும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அதே பாயைப் பட்டணத்துப் பணக்காரன் லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினால் அது மாண்டிசோரி. நம் ஊர் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இனாமாக விரித்தால் அது ஏழைக்கு இட்ட பாய்! உபாத்தியாயர்கள் பக்கத்திலும் குறையுண்டு. அட்டையை எண்ணிவைப்பதும் பதிவேடு எழுதுவதுமே வேலையாகப் போயிற்று என்றார்கள். ஒரே உபாத்தியாயர் ஐந்து வகுப்பையும் பார்க்கிற இடத்தில் எந்த முறைதான் நிற்கும்? நாளடைவில் பல பள்ளிக்கூடங்களில் அட்டைகள் பெட்டிக்குள் போயின. 2022 முதல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையை அனுசரித்துப் பாடம் நடத்துகிறார்கள். வயதைப் பார்த்தல்ல, பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடு என்ற பழைய நோக்கம் அதிலும் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் காப்பாற்றவேண்டியது நம் பொறுப்பு.

அதற்கு உங்கள் கையில் ஒரு சாதனம் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்கள். அதே சட்டம் பிள்ளையை அடிக்கவும் மனம் நோக வையவும் கூடாதென்கிறது. இந்தக் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவது போதாது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, பெட்டியில் கிடக்கும் சாமான்களை வெளியே எடுங்கள் என்று கேளுங்கள். துடைப்பத்துக்கும் தண்ணீருக்கும் முறை போட்டு அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளையின் பெயரும் அதில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். உபாத்தியாயர் இடம் காலியாயிருந்தால் மனு எழுதுங்கள்.

சாமானுக்குப் பணமில்லை என்பார்கள். இந்த ஊரில் தச்சர்கள் இல்லையா? குழி போட்ட கட்டையும் உருளையும் இரண்டு நாள் வேலை. மணிக்குப் பதில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கோத்துக் கொடுக்கத் தாய்மார்களுக்கு ஒரு சாயங்காலம் போதும். நூறு சரம் கோத்தால் ஒரு ஆயிரம் ஆயிற்று. எழுத்துக்கு வெள்ளாற்று மணலைச் சலித்து, பசை தடவின அட்டையில் தூவினால் உப்புத்தாளுக்கு அது குறைந்ததல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையும் பசையும் கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவதாக இங்கே இரண்டு தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மணல் சலிக்க இன்னும் நான்கு பேர் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் இப்பொழுதே மேடைக்குப் பக்கத்தில் வந்து கொடுக்கலாம்.